ஓரத்து இருக்கையின் விலை

நாடகக் குழுவில் அவரைக் கயிற்றண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக மேடையின் இடது பக்கம், பார்ப்பவர் கண்ணில் படாத இரண்டடி இடத்தில் நின்று கயிறு இழுப்பது அவர் வேலை. திரை ஏறுவதும் இறங்குவதும், நிலா வருவதும் போவதும், ராஜாவின் மண்டபம் மேலே போய்க் காடு கீழே வருவதும் அவர் கையில் இருந்தது. கைதட்டல் மட்டும் வேறு ஆட்களுக்குப் போகும். அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதில்லை. இடுப்பு வலியைப் பற்றித்தான் வருத்தப்பட்டிருக்கிறார்.

அவருக்கென்று ஒரே ஒரு காட்சி உண்டு. குழு பன்னிரண்டு வருடமாகப் போட்டுவரும் நாடகத்தில் கடைசிக்கு முந்தின காட்சி அது. மெல்லிய பலகையும் கித்தான் துணியும் வைத்து அடித்த ஒரு வீடு, மேலிருந்து ஐந்து கயிற்றில் தொங்கும். கதையில் கூடப்பிறந்தவர்கள் பாகப் பிரிவினைக்காக ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வீடு அப்படியே உட்கார்ந்துவிடும். ஐந்து கயிற்றையும் அவர் ஒருவரே, வரிசை தப்பாமல் விட வேண்டும். முதலில் சுவர் மடியும், அப்புறம் வாசல் நிலை சாயும், கடைசியில் கூரைப் பலகை படீரென்று மேடையில் அறையும். அந்தச் சத்தத்துக்கு அரங்கமே மூச்சை இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு பெரிய நடிகர் கத்தினாலும் வராத அமைதி அது. சத்தம் கொஞ்சம் சப்பையாக வந்தால் போதும், இயக்குநர் அன்றைக்கு யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்.

இத்தனையையும் உள்ளூரில் பார்க்க இரண்டு டீ குடிக்கிற காசு போதும். பின்வரிசை என்றால் ஒன்றரை டீ. அதற்கே கவுண்டரில் முகம் சுளிப்பவர்கள் இருந்தார்கள். சினிமாவுக்குக் காசு கொடுக்கலாம், நாடகத்துக்கும் கேட்கிறீர்களே, உங்களுக்கே நியாயமா என்பார்கள். அதே ஆட்கள் வெளியே போய் இரண்டு டீ குடிப்பார்கள்.

நாடகக்காரர்களின் வீட்டாருக்கு அந்தக் காசும் வேண்டாம். கயிறுகளைச் சுருட்டிப் போடுகிற மரப்பெட்டி ஒன்று கயிற்றண்ணனின் காலடியில் கிடக்கும். அதன்மேல் உட்கார்ந்து ஓரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். குழுவில் அதற்குப் பெட்டி டிக்கெட் என்று பெயர். தையல்காரரின் மாமியாரிலிருந்து கதாநாயகனின் கடன்காரர் வரைக்கும் அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் அதிக நாள் உட்கார்ந்தது கயிற்றண்ணனின் தங்கைதான். பன்னிரண்டு வயதிலிருந்து அண்ணனோடு வருவாள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். எந்தக் கயிறு எதை இறக்கும் என்று அவளுக்கு அத்துப்படி.

அந்தத் தங்கை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்ப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனவள். அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கும் வேலை. விடியுமுன் நாலு மணியிலிருந்து பதினொன்று வரை ஒரு கட்டடம், மாலை ஆறிலிருந்து நள்ளிரவு தாண்டி ஒன்று வரை இன்னொன்று. நடுவில் கிடைக்கிற மதியத்தில்தான் அவளுக்குத் தூக்கம். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். அம்மாவின் மருந்து, ஒழுகின கூரை, அண்ணன் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில்தான் ஓடியது. கயிற்றண்ணனின் சம்பளம் அரிசிக்கும் மின்சாரத்துக்கும் வந்தால் பெரிய விஷயம். அம்மா இறந்தபோது அவளால் வர முடியவில்லை. லீவு போட்டால் வேலை இராது என்று சொல்லிவிட்டார்கள். போன் செய்தாள். அப்போது இவர் ஆறுதலாக ஏதோ சொல்லப்போய், நாடகம் மட்டும் தவறாமல் நடந்துகொண்டிருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"நீ கயித்த இழுத்தே," என்றாள் அவள். "நான் வீட்ட இழுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் பணம் நிற்காமல் வந்தது, பேச்சுத்தான் நின்றுபோனது. அண்ணியோடு பேசுவாள், பிள்ளைகளோடு பேசுவாள், அண்ணனைப் பற்றிக் கேட்பது "நல்லா இருக்காருல்ல" என்பதோடு சரி. நான் வீட்டை இழுத்தேன் என்று அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவர் இரண்டு வருடமாக முள்ளாகச் சுமந்துகொண்டிருந்தார். ஏனென்றால் அது பொய் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் தங்கை இருக்கும் அதே ஊரிலிருந்து குழுவுக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று, இரண்டும் மதியம் இரண்டு மணி ஆட்டம். குழுவில் ஆளுக்கு ஓர் ஆசை. இவருக்கு ஒரே ஆசை. அந்த வீடு விழும் காட்சியைத் தங்கை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் ஊரை விட்டுப் போனபின் வந்த நாடகம் அது. எதற்காக இந்த அண்ணன் உருப்படாமல் போனான் என்று அவள் கண்ணால் பார்த்துவிட்டால், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, புரிந்துகொள்ளவாவது செய்வாள் என்று நினைத்தார்.

அரங்கத்து வாசலில் விலைப் பலகையைப் பார்த்துக் கயிற்றண்ணனுக்குத் தலை சுற்றியது. குழுவில் அந்த நாட்டு மொழி தெரிந்தவள் ராணி வேஷம் போடுகிற பெண் ஒருத்திதான். அவளை இரண்டு முறை கணக்குப் போடச் சொன்னார். இரண்டு முறையும் அதேதான் வந்தது. முன்வரிசையில் ஓர் இருக்கை இவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். இருப்பதிலேயே மலிவு, பக்கவாட்டில் ஒட்டினாற்போல ஒரு வரிசை. அங்கிருந்து மேடையில் மூன்றில் ஒரு பங்கு தெரியாது. அதுவே இவருக்கு அரை மாதம், தங்கைக்கு ஒன்றரை நாள் கூலி. இதே நாடகம், இதே ஆட்கள், இதே கிழிந்த கித்தான். கடல் தாண்டி வந்ததில் விலை மட்டும் எங்கேயோ போய்விட்டது. குழுவுக்குக் கொடுத்த ஆறு இலவச டிக்கெட்டுக்கும் விமானம் ஏறுமுன்பே ஆள் சொல்லியாயிற்று.

டிக்கெட் வாங்கித் தரட்டுமா என்று கேட்டால் தங்கை கத்துவாள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே போனில் அழைத்து, தயங்கித் தயங்கி, "பெட்டி டிக்கெட் இருக்கு, வர்றியா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். இரண்டு வருடம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை சாமான் இறக்கும் கதவு வழியாக, காதும் காதும் வைத்தாற்போல அவளைக் கூட்டிவந்து பெட்டியில் உட்காரவைத்தார். பதின்மூன்று வருடத்தில் மெலிந்து, கன்னம் ஒட்டி, கையெல்லாம் மருந்துத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தாள். பேச நேரமில்லை. அவள் மட்டும் ஐந்து கயிற்றையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அஞ்சு ஆயிடுச்சா?" என்று கேட்டாள். அவள் காலத்தில் ஒரு காட்சிக்கு மூன்றுதான்.

அவர் செய்த தப்பு என்னவென்று அவருக்கு அப்போது தெரியாது. தெரிய வழியும் இல்லை. உள்ளூரில் பெட்டியில் ஆள் இல்லாவிட்டால்தான் ஆட்டத்துக்கே களை இராது. இந்த அரங்கத்திலோ மேடைக்குப் பின்னால் கால் வைக்கிற ஒவ்வொருவரும் கதவருகே கையெழுத்துப் போட வேண்டும். தலை எண்ணிக்கை ஒன்று கூடினாலும் தலைக்கு மேலே எதையும் ஏற்றி இறக்கக் கூடாது. அடிபட்டால் யார் பொறுப்பு என்பது அவர்களுக்கு முதல் கேள்வி. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள மேடை மேலாளர் என்று ஒரு பெண்மணி இருந்தார். காதில் ஒரு கருவி, கையில் ஒரு கோப்பு, முகத்தில் பத்து வருடத் தூக்கக் கடன். கயிற்றண்ணனின் பக்கத்தில் ஒத்தாசைக்கு என்று அந்த அரங்கத்தின் கயிற்றுக்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். மொட்டைத்தலை, நல்ல உயரம், சாந்தமான ஆள்.

வீடு விழும் காட்சிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது அந்த மேலாளர் இந்தப் பக்கம் வந்தார். பெட்டியைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். காதுக் கருவியில் ஏதோ சொன்னார். மேடையில் விளக்கு ஏறியது, திரை இறங்கியது, ஆட்டம் நின்றுவிட்டது. ராஜா வாயில் பாதி வசனத்தோடு நின்றார். கையெழுத்துப் போடாத வேறு ஆள் எவரும் இல்லை என்று எண்ணி முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் தங்கை தானாகவே எழுந்து, மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, யாரும் கையைப் பிடிக்குமுன் வெளியே போய்விட்டாள். துரத்தினால் எப்படிப் போக வேண்டும் என்று பழகிய நடை அது.

அன்றைக்கும் வீடு விழுந்தது. படீரென்று சத்தம் கேட்டது, அரங்கம் மூச்சைப் பிடித்தது. அவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மேலாளர் அவரைக் கூப்பிட்டார். ராணி வேஷக்காரி கிரீடத்தைக் கழற்றாமலே வந்து நின்று மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கயிற்றண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இடைவேளையும் சேர்த்து ஐந்து மணிக்கு முடிய வேண்டிய ஆட்டம் ஐந்தேகாலுக்கு முடிந்தது என்றார். ஐந்தைத் தாண்டினால் ஒரு நிமிடமானாலும் அரங்க வேலையாட்கள் இருபத்தாறு பேருக்கும் ஒரு மணி நேரக் கூலி தந்தாக வேண்டும், அப்படித்தான் ஒப்பந்தம். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஓரத்து இருக்கை ஒன்பதின் விலை போய்விட்டது என்றார். இருபத்தாறு பேரா என்று இவர் திகைத்தார். உள்ளூரில் இவரும் விளக்குக்காரரும் தையல்காரரும், ஆக மூன்று பேர்.

இவருக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. மொட்டைத்தலைக்காரரைக் காட்டி, இவருக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்றார். சொன்னார்கள். ராணி கணக்குப் போட்டாள். போட்டுவிட்டுச் சொல்லத் தயங்கினாள்.

"அண்ணே, உங்களுக்கு அஞ்சு நாள் சம்பளம்."

அவருக்குக் கோபம் வரவில்லை. அவர் மெல்ல உட்கார்ந்தார், அதுவும் அதே பெட்டியில். மேலாளர் கிளம்பும்போது, விலையைப் பார்த்து எல்லோரும் எங்களைத் திட்டுகிறார்கள், ஆனால் அதில் வாடகையும் காப்பீடும் போக மீதியெல்லாம் ஆட்கள்தான் என்றார். சட்டை தைக்கிற இடத்தில் இயந்திரம் வைத்து நூறு சட்டையை ஆயிரமாக்கலாம். நாடகம் அன்றும் இரண்டரை மணி நேரம்தான், இன்றும் இரண்டரை மணி நேரம்தான். கயிற்றைப் பிடிக்க எந்த ஊரிலும் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். அந்த ஆளுக்கு அந்த ஊரில் என்ன கொடுக்கிறார்களோ அதுதான் டிக்கெட்டில் வருகிறது. ராணி இதையெல்லாம் மொழிபெயர்த்தபோது கயிற்றண்ணன் தன்னுடைய ஊரை நினைத்தார். அங்கே அரங்கம் நகராட்சியுடையது, வாடகை பேருக்குத்தான். இந்த ஊர் விலையில் இரண்டு டீ போக மீதி அங்கே எங்கே போகிறது என்று யோசித்தார். எங்கேயும் போகவில்லை, தன் சம்பளத்தில்தான் இல்லாமல் இருக்கிறது என்று புரிந்தது. அப்படியானால் இத்தனை வருடம் இந்தச் சம்பளத்தில் தன் அடுப்பு எப்படி எரிந்தது? அதற்கும் பதில் தெரிந்தது. அந்தப் பதில் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு இப்போதுதான் கதவு வழியாகப் போயிருந்தது.

தங்கை தெருமுனைப் பஸ் நிறுத்தத்தில் இருந்தாள். ஆறு மணி வேலைக்குப் பஸ் வர இன்னும் பத்து நிமிடம். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கப்போனார், அவள் விடு விடு என்று கையைக் காட்டினாள்.

"நம்ம ஊர்ல டிக்கெட்டு ரெண்டு டீ விலை," என்றார் அவர். "அது கட்டுப்படியாகாத விலைம்மா. மீதியை யாரோ போட்டாத்தான் நாடகம் நடக்கும். பதிமூணு வருஷமா அதை நீதான் போட்டிருக்கே. எனக்கு இன்னிக்குத்தான் உறைச்சுது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள். குரலில் சூடு இல்லை, அசதிதான் இருந்தது. பஸ் வந்தது.

மறுநாள் காலையில் கயிற்றண்ணன் பயணப்படியை எண்ணிப் பார்க்காமலே கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுத்து ஓரத்து இருக்கை ஒன்று வாங்கினார். அந்தப் பணத்தில் வீட்டுக் கூரையின் பின்பக்கம் மாற்றுவதாக இருந்தது. மாற்றிக்கொள்ளலாம், மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தங்கை எதிர்பார்த்தபடியே கத்தினாள். உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா, ஒன்றரை நாள் கூலி, திருப்பிக் கொடு என்றாள். திருப்பி எடுக்கமாட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் அடங்கினாள். வாங்கினதை வீணாக்குவது அந்தக் குடும்பத்திலேயே யாருக்கும் வராது.

காலை வேலையை முடித்து, அறைக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, தூங்காமல் நேரே வந்தாள். அந்த ஓரத்து வரிசையிலிருந்து மேடை சரியாகத் தெரியாது என்றார்களே, அதிலும் ஒரு நல்லது இருந்தது. திரைக்குப் பின்னால் கயிற்றண்ணன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அவள் இருக்கை பளிச்சென்று தெரிந்தது. சிவப்பு மெத்தை வைத்த, கை வைக்க இடமுள்ள இருக்கை. அவள் முதலில் அதன் நுனியில் உட்கார்ந்தாள், துடைக்க வந்தவள் மாதிரி. முதல் காட்சி முடிவதற்குள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். ராஜா வந்தபோது முழுதாகச் சாய்ந்தாள். ஒவ்வொரு கயிற்றைத் தொடும்போதும் அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஐம்பத்தாறு வயது; இவ்வளவு படபடப்பு கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

இரண்டாம் பாகம் தொடங்கினபோது பார்த்தார். தங்கை தூங்கியிருந்தாள்.

சும்மா கண் மூடவில்லை. தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, வெளுத்த இரண்டு கையையும் மடியில் போட்டபடி அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள். அது அவள் தூங்குகிற நேரம். பதின்மூன்று வருடமாக அதுதான் அவளுடைய இரவு. கயிற்றண்ணனுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அரை மாதச் சம்பளம், கூரையின் பின்பக்கம், கடல் தாண்டி வந்த வீடு, எல்லாம் அந்த மூடின இமைக்கு வெளியே நின்றன. யாராவது அவளைத் தட்டி எழுப்பமாட்டார்களா என்று தோன்றியது. அப்புறம், சத்தத்தில் எழுந்துவிடுவாள் என்று தோன்றியது. கூரைப் பலகை அறைகிற சத்தத்துக்குச் செத்தவனே எழுந்திருப்பான். திடுக்கிட்டு முழிப்பாள், அந்தக் காட்சியைப் பார்ப்பாள்.

விளக்குக்காரர் சைகை கொடுத்தார். முதல் இரண்டு கயிற்றை விட்டார், சுவர் மடிந்தது. மூன்றாவதை விட்டார், நிலை சாய்ந்தது. மீதி இரண்டையும் ஒரே நேரத்தில் கைவிட வேண்டும். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வயதில் பெட்டியில் உட்கார்ந்திருந்த முகம் மாதிரி இருந்தது, களைப்பு எல்லாம் இறங்கிப்போய்.

அவர் கையை விடவில்லை.

கூரையின் பாரம் முழுவதும் அவர் உள்ளங்கைக்கு வந்தது. ஒருவர் தாங்குகிற பாரம் இல்லை அது. விடுவதற்காகக் கட்டியது, பிடிப்பதற்காக அல்ல. கயிறு தோலை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. பக்கத்தில் நின்ற மொட்டைத்தலைக்காரர் என்ன ஆயிற்று என்று பதறினார். இவர் கண் போன பக்கம் அவர் கண்ணும் போனது. உடனே பின்னாலிருந்து ஒரு கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். ஐந்து நாள் சம்பளக்காரரும் இவருமாக, முழம் முழமாக விட்டு, அந்தக் கூரையைத் தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல மேடையில் இறக்கிவைத்தார்கள். சத்தமே வரவில்லை. மேடையிலிருந்த அண்ணன் தம்பிகள் பயந்து துள்ளுவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அரங்கத்தில் யாரோ இருமினார்கள். தங்கை தலையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டு தூங்கினாள்.

இயக்குநர் ஆடித் தீர்த்துவிட்டார். இருபத்தெட்டு வருட உழைப்பை ஒரு நிமிடத்தில் குட்டிச்சுவராக்கிவிட்டாயே என்றார். வயதாகிவிட்டது, இனி வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். கயிற்றண்ணன், கை சோர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

சாமான் இறக்கும் கதவுக்கு வெளியே தங்கை காத்திருந்தாள். கன்னத்தில் இருக்கைத் துணியின் தடம் பதிந்திருந்தது. தலைநிமிர்ந்து பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கோவிச்சுக்காதேண்ணே. எப்போ கண்ணு அசந்துச்சுன்னே தெரியல," என்றாள். "வீடு விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"சத்தமே கேக்கலியே."

"இந்த ஊரு மேடையை நல்லாக் கட்டியிருக்காங்க. சத்தம் வராது."

அவள் தலையாட்டினாள். பையை வாங்கிக்கொள்ள அவர் கையை நீட்டினார். அவள் பையைக் கொடுக்கவில்லை. நீட்டின கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கையிலும் குறுக்காகச் சிவந்து, ஓர் இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"பொட்டி மேல உக்காந்து பாத்தவ நான்," என்றாள். "கயித்த விட்டா கை செவக்காதுண்ணே. பிடிச்சாத்தான் செவக்கும்."

பஸ் வந்தது. ஆறு மணிக்கு அவளுக்கு வேலை.